ஏழை வீட்டுக் கணக்கை எழுதிய செல்வர்

மாதத்தின் முதல் வாரத்தில் உங்கள் வீட்டில் நடப்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். சம்பளம் வருகிறது. வாடகைக்கு இவ்வளவு, அரிசிக்கு இவ்வளவு, பாலுக்கு இவ்வளவு, பிள்ளைகளின் படிப்புக்கு இவ்வளவு என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து பங்கு பிரிக்கிறார்கள். கடைசியில் ஏதாவது மிஞ்சினால் அந்த மாதம் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும். மிஞ்சாவிட்டால் சிறு விஷயத்துக்கெல்லாம் மனஸ்தாபம் வரும். வருமானம் நம் தட்டில் விழும் சோற்றை நிர்ணயிக்கிறது. நாம் படுத்துறங்கும் இடத்தை நிர்ணயிக்கிறது. நம் பிள்ளையின் உடல் வளர்ச்சியையும், வீட்டில் நாம் ஒருவரோடொருவர் பேசும் குரலையுங்கூட அது தொட்டு விடுகிறது.

இதை நாம் எல்லாரும் அனுபவத்தில் அறிவோம். ஆனால் இதை வீடு வீடாய்ப் போய் விசாரித்து, எழுதி, கூட்டிப் பார்த்து, யாரும் தட்டிக்கழிக்க முடியாதபடி உலகத்தின் முன் வைத்தவர் ஒருவர் உண்டு. அவர் ஏழையல்லர். பெரிய கொக்கோ, சாக்லேட் தொழிற்சாலை முதலாளியின் மகன். பெஞ்சமின் சீபோம் ரௌண்ட்ரி என்பது அவர் பெயர். நம் திருச்சபையைச் சேர்ந்தவரும் அல்லர். குவேக்கர் என்று வழங்கும் நண்பர் சபையைச் சேர்ந்தவர். ஆயினும் அவருடைய வாழ்க்கை நம் குடும்பங்கள் அறிய வேண்டியது. அயலானைத் தீர்ப்பிடுவதற்கு முன் அவனுடைய கணக்கைப் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை அவரைப் போல் தெளிவாய்ப் போதித்தவர்கள் சிலரே.

பிறப்பும் வளர்ப்பும்

இங்கிலாந்தின் வடபாகத்தில் யார்க் என்றொரு பழைய நகரம் இருக்கிறது. நகரைச் சுற்றிக் கோட்டை மதில். நடுவே மின்ஸ்டர் என்னும் மாபெரும் தேவாலயம். ஆனால் அக்காலத்தில் அந்நகரத்து ஜனங்களுக்குச் சோறு போட்டவை ரயில்வே பட்டறைகளும் மிட்டாய்த் தொழிற்சாலைகளுமே. அங்கே 1871-ம் வருஷம் ஜூலை மாதம் 7-ந் தேதி சீபோம் பிறந்தார்.

அவருடைய பாட்டனார் யார்க்கில் மளிகைக் கடை வைத்திருந்தவர். தகப்பனார் ஜோசப் ரௌண்ட்ரி பதினான்கு வயதுச் சிறுவனாயிருக்கையில், 1850-ல், தம் தகப்பனோடு அயர்லாந்துக்குப் போனார். உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் பாழாய்ப்போயிருந்த நாட்டை அந்தச் சிறு வயதிலேயே கண்ணால் கண்டார். அந்தக் காட்சி அவர் மனதை விட்டு அகலவேயில்லை. பிற்காலத்தில் தம் சகோதரரோடு கொக்கோ வியாபாரத்தில் இறங்கிப் பெரும் பொருள் சேர்த்தபோதும், ஏழைகள் ஏன் ஏழைகளாயிருக்கிறார்கள் என்ற கேள்வி அந்த வீட்டில் ஓயாமல் கேட்கப்பட்டு வந்தது. ஆடம்பரம் இல்லாத வீடு. உழைப்பும் உண்மையும் உள்ள வீடு. அப்படிப்பட்ட வீட்டில் சீபோம் வளர்ந்தார்.

யார்க்கிலிருந்த பூத்தம் பள்ளியிலும், பிறகு மான்செஸ்டர் நகரத்து ஓவன்ஸ் கல்லூரியிலும் படித்தார். அவர் கற்றது இரசாயனம். 1889-ல் தகப்பனாரின் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். 1897-ல் அது கம்பெனியாக்கப்பட்டபோது டைரக்டர்களில் ஒருவரானார். அதே வருஷம் லிடியா பாட்டர் என்னும் மங்கையை மணந்தார். தேவன் அவர்களுக்கு நான்கு ஆண் பிள்ளைகளையும் ஒரு பெண் பிள்ளையையும் கொடுத்தார்.

பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு ஏழைகளின் கஷ்டம் எப்படித் தெரிந்தது என்று நீங்கள் கேட்கலாம். எழுதப் படிக்க வாய்ப்பில்லாத தொழிலாளருக்காக யார்க்கில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி ஒன்று நடந்தது. பெரியவர்கள் படிக்கும் பள்ளி அது. சீபோம் அங்கே பாடம் சொல்லிக்கொடுத்தார். பாடத்தோடு பேச்சும் நடக்கும். பேச்சோடு வீட்டுக் கவலையும் வெளியே வரும். 1895-ல் நியூகாசில் நகரத்துச் சேரிகளையும் போய்ப் பார்த்தார். பார்த்தது அவரைச் சும்மா இருக்க விடவில்லை.

வீடு வீடாய்ப் போன கணக்கு

அந்த நாட்களில் லண்டனில் சார்லஸ் பூத் என்னும் கப்பல் முதலாளி அந்நகர மக்களின் வாழ்க்கையை ஆராய்ந்து புத்தகங்கள் வெளியிட்டு வந்தார். நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் வறுமையில் இருக்கிறார்கள் என்பது அவர் கண்ட முடிவு. படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். ஆனால் லண்டன் ஒரு மகா நகரம், எல்லா ஊர்களிலும் உள்ள ஏழைகளும் அங்கே வந்து குவிகிறார்கள், மற்ற ஊர்களில் அப்படியிராது என்று சமாதானம் செய்துகொண்டார்கள்.

சீபோம் அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. யார்க் பெரிய பட்டணமுமல்ல, சிறு கிராமமுமல்ல. ஜனத்தொகை சுமார் 75,000. வேலை நன்றாய் நடந்துகொண்டிருந்த காலம். இங்கேயே கணக்கெடுத்துப் பார்த்தால் உண்மை தெரியும் என்று தீர்மானித்தார்.

1899-ல் வேலை தொடங்கியது. சம்பளத்துக்கு அமர்த்திய ஒருவரும், மனமுவந்து உதவிய சிலரும் தெருத் தெருவாய்ப் போனார்கள். வேலைக்காரர் வைத்துக்கொள்ளாத குடும்பங்களையெல்லாம் தொழிலாளர் குடும்பங்கள் என்று கொண்டு, ஒரு வீட்டையும் விடாமல் விசாரிக்க முயன்றார்கள். வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை, வாடகை எவ்வளவு, யார் எங்கே வேலை செய்கிறார், தண்ணீர்க் குழாய் எங்கேயிருக்கிறது என்றெல்லாம் எழுதினார்கள். இப்படி 11,560 குடும்பங்கள், 46,754 ஆட்கள் அந்தக் கணக்கில் வந்தார்கள்.

ஹங்கேட் என்பது யார்க்கில் ஆற்றோரமாயிருந்த ஒரு ஏழைப் பேட்டை. அப்படிப்பட்ட இடங்களில் பல வீடுகளுக்குச் சேர்ந்து ஒரே தண்ணீர்க் குழாய். பல குடும்பங்களுக்குச் சேர்ந்து ஒரே கழிப்பிடம். ஒரு வீட்டின் முதுகோடு மறு வீட்டின் முதுகு ஒட்டியிருந்ததால் காற்று ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போக வழியில்லை. தண்ணீர் தூரத்திலிருந்தால் வீட்டைச் சுத்தமாய் வைப்பது எவ்வளவு பிரயாசை என்பதைக் குடம் சுமந்த தாய்மாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அழுக்காயிருக்கிறார்கள் என்று தூரத்திலிருந்து குறை சொன்னவர்கள் அந்தக் குழாயை எண்ணிப் பார்க்கவில்லை. சீபோம் எண்ணிப் பார்த்தார்.

21 ஷில்லிங் 8 பென்ஸ்

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். உயிரோடிருந்து வேலை செய்வதற்குமட்டும் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பணம் வேண்டும்? ருசிக்கு அல்ல, கௌரவத்துக்கு அல்ல, பண்டிகைக்கு அல்ல. உடம்பில் பலம் இருப்பதற்கு மட்டும்.

இரசாயனம் படித்தவரானபடியால், மனித உடம்புக்கு என்னென்ன சத்து எவ்வளவு வேண்டும் என்று அக்காலத்து விஞ்ஞானிகள் கண்டிருந்ததை எடுத்துக்கொண்டார். அந்தச் சத்துக்களைத் தரக்கூடிய மிகமிக மலிவான உணவு எது என்று பார்த்தார். ரொட்டி, ஓட்ஸ் கஞ்சி, ஆடை எடுத்த பால், பட்டாணி, பாலாடைக்கட்டி, காய்கறிக் குழம்பு. கசாப்புக் கடைப் புதிய இறைச்சிக்கு இடமேயில்லை. ஏழைகளுக்கான அரசாங்க விடுதிகளில் கொடுத்த சாப்பாட்டைவிட இது தாழ்வு. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு வாரத்தில் உணவுக்கு 12 ஷில்லிங் 9 பென்ஸ், வாடகைக்கு 4 ஷில்லிங், உடை, விறகு, விளக்கு முதலியவற்றுக்கு 4 ஷில்லிங் 11 பென்ஸ். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். ஆக மொத்தம் 21 ஷில்லிங் 8 பென்ஸ். இதுவே அவர் வகுத்த வறுமைக் கோடு.

அந்தக் கோட்டின்மேல் நின்று ஜீவிப்பது எப்படியிருக்கும் என்பதையும் அவர் விவரித்தார். அதை நம் சொந்த வார்த்தையில் சொல்லுகிறோம், பொறுமையாய் வாசியுங்கள். அந்தக் குடும்பத்தார் எங்கு போனாலும் நடந்தே போக வேண்டும், வண்டிக்குக் கொடுக்கக் காசில்லை. பத்திரிகை வாங்க முடியாது. தூர தேசத்திலிருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுத முடியாது, தபால் தலைக்குக் காசில்லை. தகப்பன் புகையிலையைத் தொடக்கூடாது. தாய் தனக்காக ஒரு நல்ல உடை வாங்கக்கூடாது. குழந்தைக்குப் பொம்மையில்லை, கோலிக்குண்டு இல்லை, மிட்டாய் இல்லை. நோய்க்கும் சாவுக்கும் முன்கூட்டிச் சேர்த்து வைக்க முடியாது. பிள்ளை செத்தால் ஊரார் செலவில்தான் அடக்கம். பக்கத்து வீட்டில் துன்பம் வந்தால் காசு கொடுத்து உதவ முடியாது. கோவிலில் காணிக்கை போட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சம்பாதிக்கிறவன் ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் இருக்கக்கூடாது.

இந்த ஒழுங்குகளில் ஒன்றை மீறினாலும் அந்தக் காசு சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். வேறு இடமில்லை.

வாசகரே, காணிக்கையைப் பற்றிச் சொன்ன இடத்தில் சற்று நிற்போம். காணிக்கைத் தட்டு நம்மைக் கடந்து போகும்போது பக்கத்திலிருப்பவர் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தால் நம்மில் சிலர் என்ன நினைக்கிறோம்? அன்று அவர் போடாத அந்தக் காசு அவருடைய பிள்ளையின் தட்டில் ரொட்டியாய் இருந்திருக்கலாம். தான தருமம் செய்வதும் ஒரு சந்தோஷமே. அந்தச் சந்தோஷத்தையும் ஏழ்மை பறித்துக்கொள்ளுகிறது என்று சீபோம் கண்டுகொண்டார்.

ஒரு தாயின் இரகசியம்

யார்க்கில் வேலைப் பழக்கமில்லாத கூலியாட்களுக்குக் கிடைத்த சம்பளம் வாரத்துக்கு 18 ஷில்லிங் முதல் 21 ஷில்லிங் வரை. கோடு 21 ஷில்லிங் 8 பென்ஸில் இருக்கிறது. ஆகவே மூன்று பிள்ளைகள் உள்ள கூலிக்காரன் ஒரு துளி மதுவும் தொடாமல், ஒரு நாளும் வேலை தவறாமல், முழுச் சம்பளத்தையும் மனைவி கையில் கொடுத்தாலும் அந்த வீட்டில் வயிறு நிறையாது.

அந்தக் குறையை யார் தாங்கினார்கள்? விசாரித்த இடத்தில் ஒரு தாய் உண்மையைச் சொல்லிவிட்டாள். பிள்ளைக்குச் செருப்பு வாங்க வேண்டிய வாரம் வந்தால் அவளும் பிள்ளைகளும் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிடுவார்களாம். கணவனுக்குமட்டும் வேலைக்குக் கொண்டுபோக ஏதாவது கொடுத்தனுப்புவாளாம். அவன் உழைத்தால்தானே மறு வாரம் கூலி வரும். வீட்டில் தாங்கள் பட்டினி கிடந்ததை அவனிடம் சொல்லவே மாட்டாளாம். இப்படிப்பட்ட தாய்மார் யார்க்கில் மட்டுமா இருந்தார்கள்? பானையில் இருந்ததைப் பிறருக்கு வடித்துவிட்டு, தனக்குப் பசியில்லை என்று சொல்லும் தாயை நாமும் அறியாதவர்களல்லவே.

பசி மறைத்தாலும் உடம்பு மறைக்காது. சீபோம் பள்ளிப் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் எடுக்கச் செய்தார். 13 வயதுப் பையன்களில், மிகவும் ஏழைப் பகுதியைச் சேர்ந்தவர்கள் வசதியான தொழிலாளரின் பிள்ளைகளைவிடச் சராசரி 3½ அங்குலம் குட்டையாயிருந்தார்கள். எடையிலோ சுமார் 11 பவுண்டு குறைவு. ஒரே ஊர்; ஒரே வயது; தகப்பனின் சம்பளந்தான் வேறு.

சாவுக் கணக்கு இன்னும் கொடியது. மிகவும் ஏழைப் பகுதியில் பிறந்த 1,000 குழந்தைகளில் 247 பேர் முதல் பிறந்த நாளைக் காணாமலே இறந்தார்கள். வசதியான தொழிலாளர் பகுதியில் 173. வேலைக்காரர் வைத்திருந்த குடும்பங்களில் 94. நாலில் ஒரு குழந்தை என்றால், நாலு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோவிலில் ஒரு வருஷத்துக்குள் ஒரு சிறு பெட்டி மந்திரிப்புக்கு வரும் என்று அர்த்தம்.

குற்றம் யாருடையது?

அக்காலத்துப் பெரிய மனிதர்கள் பலர், ஏழைகள் குடியாலும் சோம்பலாலும் கெட்டுப்போகிறார்கள் என்று நம்பினார்கள். சீபோம் குடியை மறைத்தவரல்லர். மதுவை வெறுத்த வீட்டுப் பிள்ளை அவர். ஆகவே ஏழைகளை இரண்டு வகையாய்ப் பிரித்தார். சம்பளம் முழுவதையும் ஒழுங்காய்ச் செலவிட்டாலும் போதாத குடும்பங்கள் ஒரு வகை. சம்பளம் ஒருவாறு போதுமாயிருந்தும் குடி, சூதாட்டம், சிக்கனமின்மை முதலியவற்றால் வறுமையில் விழுந்த குடும்பங்கள் மற்றொரு வகை. முதல் வகையில் 7,230 பேர். இரண்டாம் வகையில் 13,072 பேர். இரண்டையும் கூட்டினால் 20,302 பேர். நகர ஜனத்தொகையில் நூற்றுக்கு 27.84. லண்டனுக்கும் யார்க்குக்கும் பெரிய வித்தியாசமில்லை.

முதல் வகையினர் ஏன் ஏழைகளானார்கள் என்று காரணம் பிரித்தார். நூற்றுக்கு 52 பேர் வரையில், குடும்பத் தலைவன் ஒழுங்காய் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வீட்டார். கூலி போதாது, அவ்வளவுதான். 22 பேர் வரையில், பிள்ளைகள் அதிகமான வீட்டார். 15 பேருக்கு மேல், சம்பாதித்தவன் இறந்துபோன வீட்டார். வேலையில்லாமையும் நோயும் முதுமையும் மீதி. சோம்பேறி என்று எவர்களைப் பார்த்து ஊர் கைகாட்டியதோ, அவர்களில் பாதிப்பேருக்குமேல் நாள்தோறும் வேர்வை சிந்தியவர்களின் வீட்டார்!

இரண்டாம் வகையினரையும் அவர் கல்லெறிந்து விடவில்லை. இருண்ட அறை, ஓயாத கவலை, விளையாட்டுக்கோ ஓய்வுக்கோ இடமில்லாத வாழ்வு, இவற்றுக்கு நடுவே வெளிச்சமும் சிரிப்பும் உள்ள ஒரே இடமாகச் சாராயக் கடை இருந்தால் மனிதன் எங்கே போவான் என்று யோசிக்கச் சொன்னார்.

அவர் கண்ட இன்னொரு உண்மையும் முக்கியமானது. ஏழை எப்போதும் ஒரே அளவில் ஏழையாயிருப்பதில்லை. தொழிலாளியின் ஆயுளில் மூன்று பள்ளங்கள் உண்டு. முதலாவது, குழந்தைப் பருவம்; தகப்பன் ஒருவன் கூலியில் பலர் உண்ண வேண்டிய காலம். அவன் வளர்ந்து சம்பாதிக்கத் தொடங்கியதும் சற்று மேடு. மணம் முடித்து இரண்டு மூன்று பிள்ளைகள் பிறந்ததும் இரண்டாவது பள்ளம். பிள்ளைகள் வேலைக்குப் போனதும் மறுபடி மேடு. அவர்கள் தனிக்குடித்தனம் போய், இவனுக்கும் தளர்ச்சி வந்தபின் மூன்றாவது பள்ளம். அதிலிருந்து ஏற வழியில்லை. பெண்ணுக்கோ, பிள்ளை பெற்று வளர்க்கும் காலம் முழுவதுமே பள்ளம். ஆகவே ஒரு நாளில் எடுத்த கணக்கில் காணப்பட்டவர்களைவிட, ஆயுளில் ஏதோ ஒரு காலம் அந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தவர்கள் மிகமிக அதிகம்.

புத்தகமும் முதலாளியும்

1901-ல் இந்தக் கணக்கெல்லாம் புத்தகமாய் வெளிவந்தது. அப்போது இளைஞராயிருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அதைப் படித்து மனங்கலங்கி, 1902-ல் மேடையிலேயே அதைப் பற்றிப் பேசினார். எதிர்ப்பும் வந்தது. தரும சங்கத்தில் பெயர்பெற்ற ஹெலன் போசாங்கே அம்மையார் இந்தக் கணக்கை நம்ப முடியாது என்று வாதித்தார். 1903-ல் சீபோம் அவருக்குப் பதில் எழுதினார்.

ஆனால் மிகக் கடினமான கேள்வி வெளியிலிருந்து வரவில்லை. கூலி போதாது என்று எழுதியவரே கூலி கொடுக்கும் முதலாளியுமாயிருந்தார். ஊராரின் சம்பளத்தைக் குறை சொல்லிவிட்டுத் தம் தொழிற்சாலைக்குள் எப்படிக் கண்ணை மூடிக்கொண்டு போவது? தகப்பனும் மகனுமாய் அந்தக் கேள்விக்குத் தங்களால் இயன்ற பதிலைச் செய்து காட்டினார்கள். 1896-லேயே அங்கே எட்டு மணி நேர வேலை ஏற்பட்டிருந்தது. 1904-ல் தொழிலாளருக்கு டாக்டர் நியமிக்கப்பட்டார். 1906-ல் முதுமைக்கால பென்ஷன் வந்தது. 1919-ல் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை. 1923-ல் லாபத்தில் பங்கு. அந்த வருஷமே சீபோம் கம்பெனியின் தலைவரானார். 1941 வரையில் அப்பதவியில் இருந்தார். நகருக்கு வெளியே நியூ இயர்ஸ்விக் என்னும் கிராமத்தை 1902 முதல் ஜோசப் ரௌண்ட்ரி கட்டினார். காற்றும் வெளிச்சமும் உள்ள வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் தோட்டம், தோட்டத்தில் பழமரங்கள்.

கூலி என்பது சந்தை விலையை மட்டும் பார்த்துக் கொடுப்பதல்ல, உழைப்பவன் மானமாய்ப் பிழைப்பதற்குப் போதுமானதாயிருக்க வேண்டும் என்று 1891-ல் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் தமது ரேரும் நோவாரும் என்னும் நிருபத்தில் போதித்திருந்தார். பத்து வருஷத்துக்குப் பின் யார்க் நகரத்துக் குவேக்கர் ஒருவர், போதுமானது என்றால் எத்தனை ஷில்லிங் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஒருவர் நீதியைச் சொன்னார். மற்றவர் தொகையைச் சொன்னார்.

சட்டமாய் மாறிய கணக்கு

காலம் நகர்ந்தது. 1908-ல் இங்கிலாந்தில் முதியோர் பென்ஷன் சட்டம் நிறைவேறியது. 70 வயதான ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரையில் கிடைத்தது. மூன்றாவது பள்ளத்தில் போட்ட முதல் படி அது. 1911-ல் நோய்க்கும் வேலையில்லாமைக்கும் இன்ஷூரன்ஸ் சட்டம் வந்தது. இவற்றுக்கு முயன்ற அரசியல்வாதிகளின் கையில் பூத்தின் கணக்கும் ரௌண்ட்ரியின் கணக்கும் ஆயுதமாயிருந்தன. முதல் உலகப் போர்க் காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களின் நலனைக் கவனிக்கும் இலாகா 1915-ல் சீபோமிடம் ஒப்படைக்கப்பட்டது.

1936-ல், தம் அறுபத்தைந்தாம் வயதில், அவர் மறுபடியும் யார்க்கின் தெருக்களைக் கணக்கெடுக்கப் புறப்பட்டார். பழைய கோட்டால் அளந்தபோது வறுமை பாதிக்கு மேல் குறைந்திருந்தது. ஆனால் அந்தக் கோடு மனிதன் வாழப் போதாது என்று அவரே இப்போது திருத்திக்கொண்டார். பத்திரிகை, தபால் தலை, புகையிலை, பிள்ளைக்கு ஒரு பரிசு, ஒரு சிறு விடுமுறை ஆகியவையும் மனிதனுடைய தேவைகளே என்று அவற்றுக்கும் கணக்கில் இடம் கொடுத்தார். 1899-ல் ஒவ்வொன்றாய்க் கழித்தவற்றை முப்பத்தேழு வருஷத்துக்குப் பின் கூட்டி எழுதினார். இந்தப் புதுக் கோட்டின்படி தொழிலாளரில் நூற்றுக்கு 31 பேர் வறுமையில் இருந்தார்கள்.

1942-ல் பெவரிட்ஜ் பிரபு தம் புகழ்பெற்ற அறிக்கையைத் தயாரித்தபோது, குடும்பத்துக்குக் குறைந்தது எவ்வளவு வேண்டும் என்பதில் சீபோமின் ஆலோசனையைக் கேட்டார். பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கும் சட்டம் 1945-ல் வந்தது. இரண்டாவது பள்ளத்துக்கும் ஒரு படி கிடைத்தது. 1950-ல் மூன்றாம் முறை யார்க்கைக் கணக்கெடுத்தபோது, தொழிலாளரில் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவாகவே வறுமையில் இருப்பதாக அவர் எழுதினார். பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் அதே தாள்களைத் திரும்பப் பார்த்து, உண்மையில் வறுமை அதைவிட அதிகமாயிருந்தது என்று கண்டார்கள். ஆயினும் நிலைமை வெகுவாய் மாறியிருந்தது என்பதில் சந்தேகமில்லை. அப்போது எஞ்சியிருந்த ஏழைகளில் பெரும்பாலோர் முதியவர்கள்.

அதாவது, ஜனங்கள் திடீரென்று நல்லவர்களாய் மாறிவிட்டதால் வறுமை குறையவில்லை. குடும்பத்துக்குள் வரும் பணம் கூடியது. நோயிலும் முதுமையிலும் தாங்கும் கை ஒன்று ஏற்பட்டது. அவ்வளவில் பிள்ளைகள் வளர்ந்தார்கள், தாய்மார் சாப்பிட்டார்கள்.

1954-ம் வருஷம் அக்டோபர் மாதம், 83-ம் வயதில், சீபோம் ரௌண்ட்ரி கண்மூடினார்.

நமக்கு

வாசகரே, இந்தப் பெரியவர் செய்ததில் அற்புதம் ஒன்றுமில்லை. கதவைத் தட்டினார், கேட்டார், கூட்டிப் பார்த்தார். ஆனால் கூட்டிப் பார்ப்பதற்கு முன் தீர்ப்புச் சொல்லவில்லை. அதுவே நமக்குக் கடினம்.

நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் பெண்மணியின் சம்பளத்தை ஒரு நாள் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவளுடைய வாடகையைக் கழியுங்கள். அரிசியைக் கழியுங்கள். பிள்ளைகளின் பஸ் செலவைக் கழியுங்கள். ஒரு காய்ச்சலுக்கு மருந்துச் செலவைக் கழியுங்கள். மீதி என்ன நிற்கிறது? அவள் முன்பணம் கேட்கும்போது நமக்கு வரும் கோபம் அந்தத் தாளைப் பார்த்தபின் நிற்குமா? ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்கு வராத குடும்பத்தைப் பற்றிப் பேசுமுன், அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் கோவிலுக்கு உடுத்திவர உடுப்பு இருக்கிறதா என்று யாராவது விசாரித்தோமா? பள்ளியில் மந்தமாயிருக்கிற பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டான் என்று கேட்டோமா?

உங்களில் சிலர் அந்தத் தாளில் எழுத வேண்டியது சொந்தக் கணக்கையே என்று அறிவோம். மாதக் கடைசியில் பானையைச் சுரண்டுகிறவர்களும் இந்தத் தாளை வாசிக்கிறார்கள். அவர்களுக்கு இவ்வளவு சொல்லுவோம். பற்றாக்குறை பாவமல்ல, அதற்காக வெட்கப்பட வேண்டாம். உங்கள் கணக்கு நேரவில்லையென்றால் குற்றம் உங்கள் சிக்கனத்தில் இல்லாமல், உங்களுக்குக் கொடுக்கப்படும் கூலியில் இருக்கலாம். யார்க் நகரத்தில் முதல் வகை ஏழைகளில் பாதிப்பேருக்கு மேல் அப்படித்தான் இருந்தது.

இந்த வாரம் ஒரு வீட்டின் கணக்கையாவது மனதுக்குள் போட்டுப் பாருங்கள். பிறகு அந்த வீட்டாரைப் பற்றிப் பேசுங்கள்.